கையில் கொடுக்காத கத்தி

பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்சி
ஜனவரி 15, 2024

அன்புள்ள அண்ணா,

இங்கே செழியன், மகிழன், நான் எல்லோரும் சுகம். நீயும் சாரதா அண்ணியும் சுகம்தானே? இன்றைக்குப் பொங்கல். கரண்ட் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் எது அனுப்பினாலும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போன் செய்தால் நேராக வாய்ஸ்மெயில். அதனால் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தபோது வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர் போடுவேனே, அதற்கப்புறம் இப்போதுதான்.

உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று. ஆகஸ்ட்டில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தாள். வெண்பா. மூக்கு அப்படியே அம்மா மூக்கு. அம்மா இருந்திருந்தால்... சரி, விடு.

மகிழனுடைய இடது கட்டைவிரல் பரவாயில்லை. ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாதி மடங்குகிறது. மீதி மடங்கும் என்கிறார்கள்.

அந்தத் தேங்க்ஸ்கிவிங் அன்று, உங்கள் ஊர் எமர்ஜென்சி வார்டில் வைத்து, அண்ணி காதில் விழும்படி நான் சொன்னேனே: "குழந்தை இல்லாதவங்க வீட்டுக்குக் குழந்தையக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்." அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. டாக்டர் தையல் போட்டுக்கொண்டிருந்தார், என் நைட்டியெல்லாம் ரத்தம், எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இது சாக்கு இல்லை அண்ணா. ஆனால் வேறு எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை வெண்பாவுக்குக் காது குத்துகிறோம். பதினோராம் மாதம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? மகிழனுக்கு நீதான் உட்கார்ந்தாய். உன் பட்டு வேட்டியை நனைத்தான். இவளும் நனைக்க வேண்டாமா?

வா அண்ணா. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா.

உன் தங்கை,
ப்ரியா


ரவுண்ட் ராக், டெக்சாஸ்
பிப்ரவரி 18, 2024

சகோதரி சண்முகப்ரியாவுக்கு,

திருமூர்த்தி எழுதுவது. கடிதம் கிடைத்தது. நான் நலம். சாரதா நலம். மாப்பிள்ளையையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்லவும். பெண் குழந்தை பிறந்ததில் மகிழ்ச்சி.

மகிழனுடைய விரலைப் பற்றி இன்னும் விவரமாக எழுதவும். நுனிக் கணு மடங்குகிறதா, அடிக் கணு மட்டும்தானா? பென்சில் எந்தக் கையில் பிடிக்கிறான்? குளிரில் வலிக்கிறது என்கிறானா?

கராஜில் நான் செய்து வைத்திருந்த குத்துவாள்களைக் கொடுத்துவிட்டேன். பிடிக்கு மேலும் கீழும் வட்டத் தட்டு வைத்த ஜெர்மன் மாதிரி, கூரே இல்லாமல் முனை மட்டும் உள்ள இத்தாலிய மாதிரி, இடது கைக்கென்று செய்த ஸ்பானிய மாதிரி, எல்லாம் போய்விட்டன. கடைசியாகச் சொன்னதில் கட்டைவிரல் பதிவதற்கென்று அலகிலேயே ஒரு குழி இருக்கும். அந்தக் குழியைத் தோண்டுவதற்கு மட்டும் எனக்கு மூன்று வாரம் ஆனது. வாங்கிக்கொண்டவர் அதில் விரலை வைத்துப் பார்க்கவே இல்லை.

மகிழன் எடுத்த அந்த ரெட்டைக்காதுக் குத்துவாள் மட்டும் இருக்கிறது. அதை இன்னொருவருக்குக் கொடுப்பது சரியில்லை என்று பட்டது.

ஜூனில் சாரதாவுக்கு லீவு கிடைக்காது.

இப்படிக்கு,
திருமூர்த்தி


பிளெய்ன்ஸ்பரோ
மார்ச் 3, 2024

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகம், வெண்பாவுக்குச் சளி மட்டும். டேகேர் போக ஆரம்பித்ததிலிருந்து மாதம் இரண்டு தடவை வருகிறது. அவள் மூச்சு சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்காமல் கிடக்கிறேன். செழியன் திட்டுகிறார்: "நீ பக்கத்துல உக்காந்து எண்ணினா மூச்சு நல்லா வந்துடுமா?"

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். "சகோதரி சண்முகப்ரியா" என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து என்னை அம்மிணி என்றுதானே கூப்பிட்டாய்? அது தீர்ந்துவிட்டதா?

நீ கேட்டது. அடிக் கணு மடங்குகிறது. நுனிக் கணு மடங்கவில்லை. பென்சிலை இடது கையில்தான் பிடிக்கிறான், நாலு விரலால். குளிரில் வலிக்கிறது என்று சொன்னதில்லை. சட்டைப் பொத்தான் போட வராது, அதனால் டி-ஷர்ட் மட்டும்.

நேற்றுக் காரில் வரும்போது திடீரென்று கேட்கிறான்: "அம்மா, இஸ் மாமா ஸ்டில் மேட் அட் மீ?" "மாமாவுக்கு உன் மேல என்னடா கோபம்?" என்றேன். "பிகாஸ் ஐ டச்டு ஹிஸ் ராபிட்" என்றான். பிடியின் உச்சியில் இரண்டு வட்டம் காது மாதிரி விரிந்திருக்குமே, அதை அவன் இன்னும் முயல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மாமியார் ஏப்ரலில் வருகிறார். பவளம் அத்தையைத்தான் உனக்குத் தெரியுமே. போனிலேயே ஆரம்பித்துவிட்டார்: "அந்தக் கத்திக்காரன் மடியிலயா எம் பேத்திய உக்கார வெப்பீங்க? பக்கத்துல ஊசிய வேற வெச்சுக்கிட்டு?" செழியன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு வலித்தது. வெஸ்ட் வின்ட்சரில் கருப்பசாமி அண்ணன் இருக்கிறாரே, செழியனோடு வேலை செய்கிறவர், அவரை மாமன் முறைக்கு உட்கார வைத்துவிடலாம் என்று அத்தை சொல்கிறார். எனக்கு ஒப்பவில்லை. நீ வருகிறாய் என்று ஒரு வார்த்தை எழுது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ப்ரியா


ரவுண்ட் ராக்
ஏப்ரல் 10, 2024

சகோதரி சண்முகப்ரியாவுக்கு,

நலம். குழந்தையின் சளி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். முந்தாநாள் இங்கே முழு சூரிய கிரகணம். மதியம் ஒன்றரை மணிக்கு இருட்டிவிட்டது. தெருவில் எல்லோரும் குடும்பத்தோடு வந்து நின்றார்கள். நானும் போய்ப் பார்த்தேன்.

மகிழனிடம் சொல்லவும்: எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. அவன் அதைத் தப்பாகப் பிடிக்கவும் இல்லை. அந்த இரண்டு காதுகளும் பிடிப்பதற்காகத்தான் இருக்கின்றன. ஓங்கிக் குத்தும்போது கட்டைவிரல் அவற்றுக்கு நடுவில் போய் உட்கார வேண்டும். ஸ்பெயினில் கிரானடா பக்கத்துக் கொல்லர்கள் ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முன்னால் செய்த மாதிரி. அவன் வலது கையால் காதுகளைப் பிடித்துத் தூக்கினான். பாரம் தாங்காமல் இடது கையை அலகின் அடியில் கொடுத்தான். பொம்மையைத் தூக்குவது போலத்தான்.

இந்த வகையில் அலகின் இரண்டு விளிம்பும் ஒரே இடத்தில் தொடங்காது. ஒரு பக்கம் பிடியை ஒட்டியே கூர் ஆரம்பிக்கும். மறுபக்கம் ஒன்றரை அங்குலம் மழுங்கலாக விட்டுப் பிறகுதான் கூர். அவன் கட்டைவிரல் அந்த ஒன்றரை அங்குலத்தில் பட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மறுபக்கம் பட்டது. பழைய வடிவம் எப்படியோ அப்படியே செய்ய வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். காட்சிக்கு வைக்கும் பொருளுக்குக் கூர் எதற்கு என்று சாரதா கேட்டாள். அவள் பேச்சை நான் கேட்டிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று அது டீபாய் மேல் எப்படி வந்தது என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாயா? சாரதாவுக்காகக் கேட்கிறேன். அவள் இன்னும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னால் உன்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும். நீ சொன்னால் நேராக இருக்கும்.

சொல்லிவிட்டாய் என்றால் எழுது. வருகிறேன்.

இப்படிக்கு,
திருமூர்த்தி


பிளெய்ன்ஸ்பரோ
மே 24, 2024

அன்புள்ள அண்ணா,

சுகமா? பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வெண்பாவுக்குக் காய்ச்சல், அப்புறம் மகிழனுக்கு, அப்புறம் எனக்கு. பவளம் அத்தை வந்து ஒரு மாதம் ஆகிறது. வெயிலே இல்லாத ஊர் என்று தினமும் என்னைத்தான் குறை சொல்கிறார், நான்தான் மறைத்து வைத்த மாதிரி.

எங்கள் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸை காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரைக்கும் புக் செய்துவிட்டோம். எடிசனிலிருந்து ஒரு நகைக்கடை அம்மா வந்து குத்துவார். அறுபது பேருக்கு இட்லி, பொங்கல், ஜிலேபி. ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அத்தை அவசரப்படுத்துகிறார். வெண்பாவுக்குப் பட்டுப் பாவாடை இன்னும் வாங்கவில்லை.

நீ கேட்டதற்கு நேரில் பதில் சொல்கிறேன் அண்ணா. அதெல்லாம் எழுத்தில் சரியாக வராது. நீ முதலில் வா. வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

அண்ணிக்கு என் அன்பு.

ப்ரியா


ரவுண்ட் ராக்
ஜூன் 8, 2024

சகோதரி சண்முகப்ரியாவுக்கு,

நலம். அனைவருக்கும் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

எனக்காகக் காத்திருக்க வேண்டாம். விழாவை நல்லபடியாக நடத்தவும். தாய்மாமன் தோடு என் பொறுப்பு. நானே செய்துகொண்டிருக்கிறேன். தங்கம் எனக்குப் பழக்கமில்லாத உலோகம், இரும்பு மாதிரி எதிர்த்து நிற்காது. அதனால் கை நிதானம் தவறுகிறது. முடிந்ததும் வந்து சேரும்.

இப்படிக்கு,
திருமூர்த்தி


பிளெய்ன்ஸ்பரோ
ஜூலை 7, 2024

அண்ணா,

நீ சுகமாக இருப்பாய். நாங்களும் இருக்கிறோம்.

காதுகுத்து முடிந்தது. கருப்பசாமி அண்ணன் மடியில்தான் உட்கார வைத்தோம். நல்ல மனுஷன், புது வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் கதவைப் பார்த்த மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். பதினோரு மணி வரை இழுத்தேன். "இன்னும் யாருக்காக?" என்று அத்தை எல்லோர் முன்னாலும் கேட்டார். அதற்கப்புறம் வெண்பாவைத்தான் பார்த்தேன், கதவைப் பார்க்கவில்லை. முதல் காதுக்கு ஏங்கி ஏங்கி அழுதாள். இரண்டாவதற்குச் சத்தமே வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து மகிழன் வேறு என் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். "லேட்டர் கண்ணு, லேட்டர்" என்று தள்ளிவிட்டேன்.

தோடும் வரவில்லை. நகைக்கடை அம்மா கொண்டுவந்ததைப் போட்டோம்.

காத்திருக்க வேண்டாம் என்று நீ எழுதினாய்தான். எழுதினால் விட்டுவிடுவேனா? உன் தங்கச்சிதானே நான்? ஒரு நாள், அண்ணா. ஒரே ஒரு நாள் உன் வீம்பை விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

ப்ரியா


ரவுண்ட் ராக்
ஜூலை 22, 2024

சகோதரி சண்முகப்ரியாவுக்கு,

நலம். இத்துடன் தோடு அனுப்பியிருக்கிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். திருகு சிறியது, குழந்தை வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவும். காது ஆறிய பிறகு மாட்டினால் போதும்.

விழா நன்றாக நடந்ததில் மகிழ்ச்சி. கிளிப்பச்சைப் பாவாடை குழந்தைக்குப் பொருத்தம்.

மகிழன் ஜிலேபியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கிறான். நுனிக் கணு மடங்குகிறது. முழுதாக இல்லை, ஆனால் மடங்குகிறது. சாப்பிடும்போது தன்னை மறந்து மடக்குகிறான், மற்ற நேரம் பயத்தில் விறைப்பாக வைத்திருக்கிறான். இதை அவன் டாக்டரிடம் சொல்லவும். எனக்கு இது போதும்.

ரெட்டைக்காதை இரண்டு பக்கமும் அரைத்து மழுக்கிவிட்டேன். இப்போது அது வெறும் தகடு.

இப்படிக்கு,
திருமூர்த்தி


பிளெய்ன்ஸ்பரோ
ஆகஸ்ட் 1, 2024

அண்ணா,

சுகமா என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

பாவாடை கிளிப்பச்சை என்று நான் எழுதவில்லை. போட்டோவும் அனுப்பவில்லை. மகிழன் ஜிலேபி தின்றது எனக்கே தெரியாது, நான் அப்போது வெண்பாவைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

மகிழனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஐ டோல்டு யூ, அம்மா. யூ செட் லேட்டர்" என்றான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருத்தர் நின்றாராம். கையில் சின்ன டப்பா. "ஹி லுக்டு லைக் மாமா, பட் ஹிஸ் ஹேர் வாஸ் ஒயிட்." இவன் கை ஆட்டினானாம், அவரும் ஆட்டினாராம். அப்புறம் தன் கட்டைவிரலை மடக்கி மடக்கிக் காட்டினாராம். "சோ ஐ டிட் இட் டூ."

டெக்சாஸிலிருந்து வந்து, ட்ரெயின் பிடித்து, கதவு வரைக்கும் வந்து, உன் இடத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாய்.

நீ ஏப்ரலில் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். எழுத்தில் வராது என்று சொன்னது பொய்.

அன்று செழியனுக்குக் காட்டிவிட்டு ரெட்டைக்காதை உறையில் போட நீ எழுந்தாய். உறை என் பக்கத்தில் சோபாவில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணி அடுப்படியிலிருந்து கூப்பிட்டார்கள். "இந்தா அம்மிணி, இதை உறையில போட்டுடு" என்று பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினாய். நான் வாங்கவில்லை. "கத்தியக் கையில குடுக்காதண்ணா, சண்டை வரும். கீழ வை, எடுத்துக்கறேன்" என்றேன். அம்மா அரிவாள்மனையைக் கூட அப்படித்தானே கொடுப்பாள். நீ சிரித்துக்கொண்டே டீபாய் மேல் வைத்துவிட்டுப் போனாய். நான் எடுக்கவில்லை. போனில் ஆபீஸ் மெசேஜ் வந்தது, பார்த்துக்கொண்டிருந்தேன். செழியன் பாத்ரூமில். மகிழன் "ராபிட்!" என்றது காதில் விழுந்தது. அப்போதும் நான் நிமிரவில்லை.

ஆஸ்பத்திரியில் செழியன் உன்னைப் பார்த்து, "குழந்தை இருக்கற வீட்டுல கத்திய டீபாய் மேலயா வெப்பீங்க?" என்று கேட்டபோது நீ என்னைப் பார்த்தாய். நான் வாயைத் திறந்தேன். அண்ணியைப் பற்றிய அந்த வார்த்தைதான் வந்தது. உன்மேல் பழி நிற்க வேண்டுமென்றே சொன்னேனோ என்று இப்போது தோன்றுகிறது. எனக்கே தெரியவில்லை. நல்ல அம்மா என்று என்னை எல்லோரும் நினைக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு அப்போது வேண்டியிருந்தது.

செழியனிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன், அத்தைக்கு முன்னாலேயே. செழியன் எழுந்துபோய் மகிழனுடைய கட்டைவிரலைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணிக்கும் தனியாக, ஒன்று விடாமல், தோடு வந்தது வரைக்கும் எழுதி உங்கள் வீட்டு முகவரிக்கே போட்டிருக்கிறேன்.

அண்ணா, பதில் எழுது. திட்டியாவது எழுது.

ப்ரியா


ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்
செப்டம்பர் 9, 2024

ப்ரியாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். குழந்தைகளுக்கு என் ஆசி.

நீ ரவுண்ட் ராக்குக்கு எழுதிய கடிதத்தை உன் அண்ணன் பிரிக்காமல் என் புது முகவரிக்கு அனுப்பிவைத்தார். உனக்கு அவர் சொல்லியிருக்க மாட்டார். நான் பொங்கலுக்கு மறுவாரமே வீட்டை விட்டு வந்துவிட்டேன். உன் முதல் கடிதம் வந்த அன்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். "ப்ரியா என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டேன். கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "குழந்தை பிறந்திருக்காம்" என்றார். அவர் எதைத் தேடினார் என்று இப்போது புரிகிறது.

ஒரு வருஷமாக அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "ஏன் அங்க வெச்சீங்க? உங்களாலதானே நான் அந்தப் பேச்சைக் கேட்டேன்?" "வெச்சுட்டேன்" என்பார். அவ்வளவுதான். நாலு தடவை கருத் தங்காமல் போனவள் நான், அந்த வார்த்தையை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. பதிலே சொல்லாத மனுஷனோடு ஒரே வீட்டில் இருக்கவும் முடியவில்லை. நானும் அவரைச் சொல்லக் கூடாததெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 27, வியாழக்கிழமை விவாகரத்து முடிந்தது. கையெழுத்துப் போடும்போது அவர் விரலில் நிச்சயதார்த்த மோதிரம் இல்லை. என் மேல் இருந்த கோபத்தில் கழற்றி எறிந்துவிட்டார் என்று நினைத்தேன். தோட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகுதான் அந்தத் தங்கம் எங்கே போனது என்று தெரிந்தது.

உன்னைத் திட்ட எனக்குத் தெம்பு இல்லை. அந்தத் தோட்டைக் குழந்தைக்குப் போடு. கழற்றி வைத்துவிடாதே.

சாரதா


பிளெய்ன்ஸ்பரோ
நவம்பர் 10, 2024

அண்ணா,

நீ சுகமாக இருக்க வேண்டும். இது மூன்றாவது கடிதம். ஆகஸ்ட்டில் போட்டதற்கும் பதில் இல்லை, செப்டம்பரில் போட்டதற்கும் இல்லை. திரும்பியும் வரவில்லை. அதனால் நீ அங்கேதான் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி எழுதியதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. மன்னிப்பு என்ற சொல்லை எழுதி எழுதி அடித்துவிட்டேன். கிரகணத்தன்று எல்லோரும் குடும்பத்தோடு நின்றார்கள், நானும் போய்ப் பார்த்தேன் என்று எழுதினாயே, அந்த ஒரு வரியை நான் தாண்டிப் போய்விட்டேன். அதைத்தான் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெண்பா நடக்கிறாள். தோடு போட்டிருக்கிறேன். தினமும் திருகைத் தொட்டுப் பார்க்கிறேன், கழன்றுவிடுமோ என்று. கழலவில்லை. உன் வேலை அல்லவா.

மகிழன் ஒரு சட்டைப் பொத்தானைத் தானே போட்டுவிட்டான். ஒன்றுதான். மேலே இருந்து இரண்டாவது. "டெல் மாமா" என்றான்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின நாள் நாங்கள் நாலு பேரும் உன் ஊருக்குப் பக்கத்தில் ஆஸ்டினில் இறங்குகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. நீ கதவைத் திறக்காவிட்டால் வெளியே நிற்கிறோம். நீ நின்ற நேரம் அளவுக்காவது நான் நிற்க வேண்டும்.

திறந்தால், ரெட்டைக்காதை எடுத்துக்கொண்டு வா. மழுங்கின தகடாக இருந்தாலும் பரவாயில்லை. கீழே வைக்காதே அண்ணா. என் கையில் கொடு. வருகிற சண்டை வரட்டும்.

அம்மிணி